குழந்தைக்குமா மூட்டுவாதம்?

காலையில் எழுந்ததும் மூன்று வயதுக் குழந்தை நடக்க மறுக்கிறது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறது. கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னால் அழுகிறது. பாலர் பள்ளி ஆட்டோ வாசலில் வந்து நிற்கும்போது நொண்டி நொண்டி வருகிறது. பத்தரை மணிக்கு மேல் பார்த்தால் மற்றக் குழந்தைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்குது."

நடிப்பு இல்லை. காலையில் விறைத்துப் போவதும், அசைய அசையத் தளர்வதும் அழற்சியால் வரும் மூட்டு நோயின் முதல் அடையாளம். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு காலையில் பிடித்துக்கொள்கிறது. இதில் ஏமாற்றுவது என்னவென்றால், சின்னக் குழந்தைகள் பலர் 'வலிக்கிறது' என்று சொல்வதே இல்லை. வலிக்காதபடி நடக்கப் பழகிவிடுகிறார்கள். சம்மணம் போடுவதை விட்டுவிடுகிறார்கள். படியில் ஒரே காலை முன்னால் வைத்து ஏறுகிறார்கள். குளிப்பாட்டும்போது அம்மாவோ பாட்டியோ தற்செயலாகக் கவனித்து, ஒரு முழங்கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று கேட்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

மூட்டுவாதம் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். பதினாறு வயது முடிவதற்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு அழற்சிக்கு 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஜே.ஐ.ஏ. என்பார்கள். இது ஒரே நோயும் அல்ல. ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நான்கு மூட்டுக்குள் நிற்பது ஒன்று. ஐந்தோ அதற்கு மேலோ மூட்டுகளைப் பிடிப்பது ஒன்று. தினமும் காய்ச்சலோடு உடம்பு முழுவதையும் உலுக்குவது இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் தொடங்கும் வகை நம் நாட்டில் அதிகம். கபடி ஆடியதில் சுளுக்கு என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம்.

இதைவிட அரிதான நோய்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. தோலையும் தசையையும் தாக்கும் ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ் ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளில் இரண்டிலிருந்து நான்கு பேருக்குத்தான் வருகிறது. ஒரு குழந்தை மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்க ஓ.பி.யில் உட்கார்ந்தாலும் இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அப்படிப்பட்ட நோய்க்கு அன்றாடம் எப்படி வைத்தியம் செய்வது? எந்த மருந்து நல்லது என்று யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு உலகெங்கும் உள்ள குழந்தை வாதநோய் மருத்துவர்கள் கண்டுபிடித்திருக்கும் பதில் மிக அருமையானது. அதற்கு முன்னால், குழந்தை அவர்களிடம் வந்து சேரும் வழியைப் பார்த்துவிடலாம். அந்த வழியில்தான் மாதங்கள் தொலைகின்றன.

வழி தவறும் மாதங்கள்

முதலில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். பிறகு கட்டுப் போடுவார்கள். வீங்கிய மூட்டைக் கட்டி அசையாமல் வைப்பது இந்த நோயில் செய்யக்கூடாத காரியம். சுற்றியுள்ள தசை வேகமாக மெலிந்து, மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுபோகும். பெயர் ஒட்டாத பொடிகளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. சாப்பிட்டதும் ஆச்சரியப்படும்படி வலி குறைந்தால், அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆங்கில மருத்துவத்துக்கு வந்த பிறகும் வழி தவறுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் ஆரம்பத்தில் எலும்பில் ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் பார்த்து, இல்லையென்று வந்ததும் 'வாதம் இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஜே.ஐ.ஏ. உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் அது இருக்கும். மீதிப் பேருக்கு நோய் இருந்தும் சோதனை இல்லையென்றே சொல்லும். சொல்லப்போனால் ஜே.ஐ.ஏ.வை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையவே கிடையாது. மருத்துவரின் கையும் கண்ணும்தான் சோதனை.

இன்னொரு தவறு நம் ஊரில் மிகப் பரவலானது. ஏ.எஸ்.ஓ. டைட்டர் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக 'வாதக் காய்ச்சல்' என்று முடிவுகட்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடத் தொடங்குவார்கள். குழந்தை ஆண்டுக்கணக்கில் அந்த வலிமிகுந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும்; மூட்டோ உள்ளே அரித்துக்கொண்டே போகும். அண்மையில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோயிருக்கிறது என்பதைத்தான் ஏ.எஸ்.ஓ. காட்டுகிறது. பள்ளிக்கூடம் போகிற எத்தனையோ குழந்தைகளுக்கு அது உயர்ந்திருக்கும். உண்மையான வாதக் காய்ச்சலில் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும், சில வாரங்களில் மூட்டை விட்டுப் போய்விடும், தாக்குவது இதயத்தை. ஒரே முழங்கால் இரண்டு மாதமாக வீங்கியே இருந்தால் அது வாதக் காய்ச்சலின் குணம் அல்ல.

இதற்கு நேரெதிரான அவசரமும் ஆபத்துதான். கை கால் வலியோடு வரும் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் இருக்கலாம். ராத்திரி வலியால் விழித்து அழுவது, வீக்கத்துக்குப் பொருந்தாத கடும் வலி, ரத்த அணுக்களின் எண்ணிக்கையில் கோளாறு இவையெல்லாம் இருந்தால், எலும்பு மஜ்ஜையைப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கவே கூடாது. கொடுத்தால் புற்றுநோய் கொஞ்ச காலம் பதுங்கிக்கொள்ளும். பிறகு கண்டுபிடிப்பதும் குணப்படுத்துவதும் கடினமாகும். நம் நாட்டில் ஒற்றை மூட்டு வீக்கம் என்றால் காசநோயையும் நினைக்க வேண்டும். நல்ல வாதநோய் மருத்துவர் முதல் நாளிலேயே மருந்து எழுதாமல் சோதனைக்கு அனுப்பினால் பெற்றோர் பொறுமை இழக்க வேண்டாம். அந்த இரண்டு மூன்று நாள் குழந்தையின் உயிரைக் காப்பதற்கானது.

சந்தேகம் வருவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர்கள் 2006-இல் பி-கால்ஸ் என்ற எளிய முறையை வெளியிட்டார்கள். மூன்று கேள்விகள்: மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலி, விறைப்பு உண்டா? தானாக உடுத்திக்கொள்ளச் சிரமப்படுகிறதா? படி ஏறி இறங்கச் சிரமப்படுகிறதா? பிறகு நடக்க வைத்து, கையைத் தூக்க வைத்து, வாயைத் திறக்க வைத்து, குனிய வைத்துப் பார்ப்பது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் ஒவ்வொரு மருத்துவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டு எதற்கு, எதுவரை?

1897-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் இருபத்திரண்டு குழந்தைகளை வைத்து, குழந்தைகளின் நாட்பட்ட மூட்டு நோய் பெரியவர்களுடையதிலிருந்து வேறுபட்டது என்று எழுதினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் கையில் இருந்தவை ஆஸ்பிரினும் படுக்கையும் கட்டையும்தான். 1949-இல் கார்ட்டிசோன் வந்தபோது உலகமே கொண்டாடியது. அடுத்த ஆண்டே நோபல் பரிசும் கிடைத்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட குழந்தைகள் வளரவில்லை. முகம் உப்பியது, முதுகெலும்பு நொறுங்கியது, கண்ணில் புரை விழுந்தது.

இன்றைய சிகிச்சை முழுவதையும் ஒரு வகையில் ஸ்டீராய்டிலிருந்து குழந்தையை மீட்கும் முயற்சி என்றே சொல்லலாம். ஸ்டீராய்டை யாரும் ஒதுக்கிவிடவில்லை. கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம்போல அதை வைத்துக்கொள்கிறார்கள். மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கியதும் பிரித்துவிட வேண்டும். ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் நோய் என்றால், அந்த மூட்டுக்குள்ளேயே நீண்ட நாள் தங்கும் ஸ்டீராய்டை ஊசியால் செலுத்துகிறார்கள். சின்னக் குழந்தை என்றால் மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். பல குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் வீக்கம் திரும்பாது, உடம்பின் மற்ற பாகங்களுக்கும் கெடுதல் மிகக் குறைவு.

அடுத்த படி மெத்தோட்ரெக்ஸேட். தங்க மருந்து முதல் பெனிசிலமின் வரை எத்தனையோ மருந்துகளைச் சோதித்து ஏமாந்த பிறகு, அமெரிக்க மருத்துவர்களும் சோவியத் மருத்துவர்களும் சேர்ந்து 127 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 36 சதவீதம். 1992-இல் முடிவு அச்சானபோது சோவியத் யூனியன் என்ற நாடே இல்லை. பகை நாடுகளாக இருந்த இரண்டு வல்லரசுகளின் மருத்துவர்கள் குழந்தைகளுக்காகச் சேர்ந்து செய்த அந்த வேலையின் பலனை இன்று வேலூரிலும் எழும்பூரிலும் குழந்தைகள் அனுபவிக்கிறார்கள்.

மருந்துக் கடையில் அட்டையை வாங்கியதும் பெற்றோருக்கு முதல் அதிர்ச்சி: "டாக்டர், இது கேன்சர் மருந்தாமே?" ஆமாம், புற்றுநோய்க்கும் தருகிறார்கள்; சில புற்றுநோய்களுக்குத் தரும் அளவு இதைப்போல நூறு மடங்குக்கும் மேல். இந்தச் சிறு அளவில் அதன் வேலை அழற்சியை அடக்குவது. வாரத்தில் ஒரே நாள், எப்போதும் அதே நாள். கூடவே ஃபோலிக் அமிலம். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களுக்கும் ஈரலுக்கும் பரிசோதனை. பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரமாகும். வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையின் பெயரைச் சீட்டில் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

குழந்தைகளுக்கு இந்த மருந்தின் பெரிய தொல்லை குமட்டல். சில மாதம் போனதும் அந்த மஞ்சள் மாத்திரையைப் பார்த்தாலே, அதன் பெயரைக் கேட்டாலே வாந்தி எடுக்கும் குழந்தைகள் உண்டு. அதற்குத் திட்டக்கூடாது. தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றலாம், ராத்திரி படுக்கும் நேரத்தில் தரலாம், குமட்டலுக்கு முன்கூட்டியே மருந்து தரலாம். இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லாமல் 'சேரவில்லை' என்று வீட்டிலேயே நிறுத்திவிடும் குடும்பங்களின் குழந்தைகள்தான் மறுபடி வீக்கத்தோடு வருகிறார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் போதாதபோது உயிரியல் மருந்துகள். உடம்பில் அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடித்துத் தடுப்பவை இவை. எடனர்செப்ட் 2000-இல் 69 குழந்தைகளிடம் நடந்த ஆய்வோடு கதவைத் திறந்தது. அடாலிமுமாப், டோசிலிசுமாப், கனகினுமாப் என்று வரிசை நீண்டது. அடாலிமுமாபின் நகல் மருந்து உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான், 2014 டிசம்பரில். ஊசியே வேண்டாத டோஃபாசிடினிப் மாத்திரை இப்போது இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகவே கிடைக்கிறது.

இவற்றைத் தொடங்குமுன் நம் நாட்டில் தவறாமல் செய்ய வேண்டியது காசநோய்ச் சோதனை. உடலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் காசநோயை இந்த மருந்துகளில் சில எழுப்பிவிடக்கூடும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் பாக்கி இருந்தால், மருத்துவரைக் கேட்டு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலாக வரும் மூட்டு நோய்

எல்லா வகைகளிலும் மருத்துவர்களை அதிகம் அலைக்கழிப்பது உடம்பு முழுவதும் பரவும் ஜே.ஐ.ஏ. அரிது என்றாலும் நம் நாட்டில் இது ஓரளவு அடிக்கடி வருகிறது. தினமும் சாயங்காலம் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காலையில் தானாகத் தணிந்து குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். காய்ச்சல் ஏறும்போது இளஞ்சிவப்பான தடிப்புகள் தோன்றி, இறங்கும்போது மறைந்துவிடும்; டாக்டரிடம் போய்ச் சேரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. நம் மாநிறத் தோலில் அது சரியாகத் தெரிவதும் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள் என்று மருத்துவர்கள் கேட்பது அதனால்தான். நெறி கட்டும், ஈரலும் மண்ணீரலும் வீங்கும். மூட்டு வீக்கம் சில வாரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் டைஃபாய்டு, மலேரியா, காசநோய் என்று எல்லாவற்றுக்கும் மருந்து உள்ளே போயிருக்கும்.

இந்த நோய்க்கு ஒரு பயங்கரமான முகம் உண்டு. எதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் போய் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். மேக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம் என்பார்கள். விட்டுவிட்டு வந்த காய்ச்சல் இறங்காமல் நிற்கும். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அதுவரை உயர்ந்திருந்து திடீரென்று குறையும். பார்ப்பவர் நோய் குணமாகிறது என்று நினைப்பார். உண்மையில் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் ஆயிரக்கணக்கில் ஏறும். 2016-இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த அளவுகோலில் ஃபெரிட்டின் 684-ஐத் தாண்டுவது முதல் நிபந்தனை. உலகின் பல மருத்துவமனைகளில் இந்த நிலைக்குப் போன 362 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டியபோது நூற்றுக்கு எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். உடம்பு முழுவதும் பரவும் ஜே.ஐ.ஏ. உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் குணம் மாறினால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் இதே நோயில்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்து மருத்துவர்கள் வழக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஸ்டீராய்டில் தொடங்கி, தோற்ற பிறகு உயிரியல் மருந்துக்குப் போகாமல், முதல் மருந்தாகவே அனகின்ரா என்ற உயிரியல் மருந்தை ஊசியாகக் கொடுத்தார்கள். 42 குழந்தைகளில் 76 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் அடங்கியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்குள் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டும் நலமாக இருந்தார்கள். 2019-இல் வெளியான இந்த முடிவு, ஆரம்பத்திலேயே அடித்தால் நோயின் போக்கையே மாற்றலாம் என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தது. அனகின்ரா நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பதில்லை. இங்கே மருத்துவர்கள் டோசிலிசுமாபை நம்பியிருக்கிறார்கள்.

குறைவான நோயாளிகள், பொதுவான பாதை

இப்போது முன்னே கேட்ட கேள்விக்கு வருவோம். லட்சக்கணக்கில் நோயாளிகள் உள்ள சர்க்கரை நோய்க்கு ஆய்வு நடத்துவது எளிது. பத்து லட்சத்தில் மூன்று பேருக்கு வரும் நோய்க்கு?

ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸில் குழந்தைக்குக் கண்ணிமையில் ஊதா நிறம் படரும், விரல் மூட்டுகளின் மேல் சிவந்த தடிப்புகள் வரும், தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையைப் பிடித்து ஏறும், தலைவாரக் கையைத் தூக்க முடியாது. தாமதித்தால் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகள் படியும். ஸ்டீராய்டு வருமுன் இந்த நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் போதுமா, கூடவே இன்னொரு மருந்து வேண்டுமா என்று தெரிந்துகொள்ள, இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து இயங்கும் பிரிண்டோ அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. 2006-இலிருந்து 2010 வரை, 22 நாடுகளில் 54 மையங்கள் சேர்ந்து தேடியும் கிடைத்தவர்கள் 139 குழந்தைகள். ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 72 சதவீதம். இன்று உலகெங்கும் இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தருகிறார்கள் என்றால், அந்த 139 குடும்பங்கள் சம்மதித்ததால்தான்.

எல்லாக் கேள்விக்கும் இப்படி ஆய்வு நடத்திக்கொண்டிருக்க முடியாது. பதிலுக்காகக் குழந்தை காத்திருக்காது. ஆகவே மருத்துவர்கள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். வட அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய காரா அமைப்பும், ஜெர்மனியில் குழந்தை வாதநோய் மருத்துவர்களின் ப்ரோகிண்ட் குழுவும் செய்தது இதுதான். ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனியாக என்ன செய்கிறார் என்று முதலில் கேட்டார்கள். ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர், ஏன் ஒரே ஊரிலேயே அறைக்கு அறை, வைத்தியம் மாறியது. அவற்றிலிருந்து நியாயமான மூன்று நான்கு பாதைகளைப் பொறுக்கி, எல்லோரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். இனி யாராக இருந்தாலும் இவற்றில் ஒரு பாதையில் போக வேண்டும், எத்தனையாவது வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும், தேறவில்லையென்றால் எப்போது அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டது. பிறகு அன்றாட ஓ.பி.யில் பார்க்கும் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் பதிவேட்டில் சேரும். சில ஆண்டுகளில் எந்தப் பாதையில் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒப்பிடலாம். ஐரோப்பாவில் 2012-இல் தொடங்கிய 'ஷேர்' திட்டம் நாடு நாடாக வேறுபட்ட சிகிச்சையை ஒரு பொது வழிகாட்டுதலுக்குள் கொண்டுவந்தது.

இந்த முறையில் அமெரிக்காவில் பல மூட்டு ஜே.ஐ.ஏ. உள்ள 400 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதா, ஆரம்பத்திலேயே உயிரியல் மருந்தையும் சேர்ப்பதா என்பது கேள்வி. ஓராண்டு முடிவில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. விடாமல் மூன்றாண்டு பார்த்தபோது, ஆரம்பத்திலேயே இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் நோய் அடங்கிய நிலையில் அதிக காலம் இருந்தது தெரிந்தது. இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். மருத்துவர் தன் அனுபவமே பெரிது என்று நினைக்காமல், சக மருத்துவர்களோடு ஒப்புக்கொண்ட பாதையில் நடந்து, பலனைத் திறந்த புத்தகத்தில் எழுதிவைக்கிறார்.

2018-இல் இன்னொரு தெளிவும் வந்தது. சிகிச்சையின் இலக்கு 'கொஞ்சம் பரவாயில்லை' அல்ல, நோய் முழுவதும் அடங்குவது என்று சர்வதேசக் குழு அறிவித்தது. மூன்று மாதத்துக்குள் நோய் பாதியாவது குறைய வேண்டும், ஆறு மாதத்துக்குள் இலக்கை எட்ட வேண்டும், இல்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டும். பெற்றோரும் இதைக் கேட்கலாம். "ஆறு மாசம் ஆச்சு டாக்டர், இன்னும் காலையில விறைப்பு இருக்கு, அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது.

சிவக்காத கண்

மூட்டோடு கண்ணுக்கும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஜே.ஐ.ஏ. உள்ள சில குழந்தைகளுக்குக் கண்ணின் உட்புறம் அழற்சி வரும். கண் சிவக்காது, உறுத்தாது, நீர் வடியாது. குழந்தையும் பார்வை மங்குவதைச் சொல்லாது. வெளியே தெரியும்போது உள்ளே ஒட்டல்களும் புரையும் வந்திருக்கும். ஏழு வயதுக்குள் நோய் தொடங்கிய, ஏ.என்.ஏ. சோதனையில் பாசிட்டிவான சிறுமிகளுக்கு அபாயம் அதிகம். ஸ்லிட் லாம்ப் கருவியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை. மூட்டு குணமான பிறகும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பிரிஸ்டல் மருத்துவர் ஏ.வி. ராமனன் முன்னின்று நடத்திய சிகமோர் ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட்டோடு அடாலிமுமாபும் பெற்ற குழந்தைகளில் 27 சதவீதம் பேருக்குத்தான் சிகிச்சை தோற்றது. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்குத் தோற்றது. 90 குழந்தைகளைச் சேர்த்ததுமே வேறுபாடு அவ்வளவு தெளிவாகிவிட்டதால், மேற்கொண்டு ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2017-இல் வெளியான முடிவு இது.

நாட்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நோய் ஒன்றும் இந்த மருத்துவர்கள் பார்ப்பதில் உண்டு. டோக்கியோ மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1961-இல் நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் முதலில் கண்டு, 1967-இல் ஐம்பது குழந்தைகளின் விவரத்தோடு எழுதிய கவாசாகி நோய் அது. ஐந்து நாளாக விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, சிவந்த நாக்கு, வீங்கிய கை கால். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடிப்பது நம் ஊர்க் குழந்தைகளிடம் அருமையான தடயம். சிகிச்சை இல்லையென்றால் நாலில் ஒரு குழந்தைக்கு இதய ரத்தக் குழாய் புடைத்துக்கொள்ளும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது நூற்றுக்கு நாலாகக் குறைகிறது.

மருந்துச் சீட்டுக்கு வெளியே

அன்றாடச் சிகிச்சையில் பாதி மருந்துச் சீட்டில் இருப்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி, நீச்சல், சைக்கிள் எல்லாம் மருந்துதான். 'ஓடாதே, விழுந்துவிடுவாய்' என்று உட்கார வைப்பது அன்பால் செய்யும் கெடுதல். பள்ளியில் முதல் பீரியடில் கை விறைத்து எழுத முடியாத குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லாமலிருக்க, வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவைக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் வெளியே சொல்லத் தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'நாளைக்குக் கல்யாணம்' என்ற ஒரே கவலையில் பள்ளிக்கும் சொல்லாமல், உறவுக்கும் சொல்லாமல், கடைசியில் ஊசியையும் நிறுத்திவிடுகிறார்கள். நோயை அடக்கி வளர்ந்த பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். மறைத்து மருந்தை நிறுத்திய குழந்தைக்குத்தான் அந்த வாழ்க்கை கைநழுவுகிறது.

பதினெட்டு வயதானதும் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற வேண்டும். கல்லூரி விடுதி, புது ஊர், புது மருத்துவர் என்று எல்லாம் ஒன்றாக வரும் அந்தச் சமயத்தில் பல இளைஞர்கள் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். பதினான்கு வயதிலிருந்தே தன் மருந்தின் பெயரையும் அளவையும் பிள்ளையே சொல்லப் பழக்க வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இந்தக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிராமத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, ஒருநாள் கூலியை இழந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவது எல்லாக் குடும்பங்களாலும் முடிகிற காரியம் அல்ல. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாதம் ஒருநாளாவது குழந்தை மூட்டுநோய் கிளினிக் நடக்க வேண்டும். கண் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் அன்று அங்கேயே இருக்க வேண்டும். உயிரியல் மருந்து தேவைப்படும் குழந்தைக்கு, பணம் இல்லை என்பதற்காக ஸ்டீராய்டையே நீட்டிக்கும் நிலை எந்த அரசு மருத்துவமனையிலும் இருக்கக்கூடாது. இதை அரசு செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு: உங்கள் குழந்தை காலையில் நொண்டினாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ, சம்மணம் போடுவதை விட்டுவிட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டி மூட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வாரமாகியும் குறையவில்லையென்றால் வாதநோய் மருத்துவரிடம் அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். நோய் உறுதியானால் அந்த வாரமே கண்ணையும் காட்டிவிடுங்கள்.